அட்டவணை சொல்லும் நாளும் சொல்லாத காரணமும்

உங்கள் வீட்டு அலமாரியில், பிறப்புச் சான்றிதழும் குடும்ப அட்டையும் இருக்கும் அதே உறைக்குள், மடிப்பு கிழிந்துபோன ஓர் அட்டையும் இருக்கக்கூடும். அதுதான் தடுப்பூசி அட்டை. நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம், திரைப்படங்களுக்கும் எழுதுகிறோம். ஆனால் நம் நாட்டில் மிகப் பல இல்லங்களுக்குள் நுழைந்துள்ள இந்த அறிவியல் வெளியீட்டுக்கு எவரும் மதிப்புரை எழுதி நான் கண்டதில்லை. அந்தப் பணியை இங்கே செய்து பார்ப்போம்.

நான் மருத்துவர் அல்லேன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். இதை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. என் மகளுக்கு ஒன்றரை வயதானபோது, தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் இரண்டாம் தவணைக்காக ஒரு புதன்கிழமை காலை வரிசையில் நின்றிருந்தோம். எங்களுக்கு முன்னால் பேரனை இடுப்பில் வைத்திருந்த ஒரு பாட்டி, "ஏம்மா, ஒம்போது மாசத்துல போட்ட ஊசி பலிக்கலையா? மறுபடியும் எதுக்கு அதே ஊசி?" என்று கேட்டார். செவிலியர், "கார்டுல போட்டிருக்கு பாட்டிம்மா, போட்டுத்தான் ஆகணும்" என்றார்.

செவிலியர் கூறியது உண்மையே. ஆயினும் அது அந்தக் கேள்விக்கு விடை அன்று. நீண்ட வரிசை காத்திருக்கும்போது அவரைக் குறைகூறுவது முறையாகாது. விடை அட்டையில் இருந்திருக்க வேண்டும். அங்கே இல்லை. வீடு திரும்பியபின் எண்ணிப் பார்த்தேன். எனக்கும் விடை தெரியவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அட்டையின் நிறைகள்

குறை கூறுமுன் நிறையைக் கூறுவது மதிப்புரையின் மரபு. விரிவான நோய்த்தடுப்புத் திட்டம் இந்தியாவில் 1978-இல் தொடங்கியது. 1985-இல் அது அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக வளர்ந்தபோது அதன் இலக்கு ஆறு நோய்கள்: காசநோய், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி, இளம்பிள்ளை வாதம், தட்டம்மை. பின்னர் கல்லீரலைத் தாக்கும் மஞ்சள் காமாலை 'பி', ஹிப் கிருமியால் வரும் நிமோனியாவும் மூளை உறைக் காய்ச்சலும், ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு, நிமோகாக்கஸ் நிமோனியா, ரூபெல்லா ஆகியன சேர்ந்தன. குறிப்பிட்ட சில மாவட்டங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் உண்டு. ஆகப் பன்னிரண்டு நோய்கள். பிறந்த நாள் முதல் பதினாறு வயது வரை நீளும் ஒரு பெருந்திட்டத்தை உள்ளங்கை அகலத்தில் அடக்கியிருப்பது சிறிய செயலன்று. எந்தக் கிராமத்துச் செவிலியரும் தடுமாறாமல் பின்பற்றலாம். செய்பவருக்கு எழுதப்பட்ட குறிப்பு என்ற அளவில் இது முதல் தரமானது.

ஆனால் இந்த அட்டையைச் செவிலியர் வைத்திருப்பதில்லை, தாய்தான் வைத்திருக்கிறார். அவருக்கு இது என்ன சொல்கிறது?

எழுத்துகளின் நெரிசல்

பி.சி.ஜி., ஓ.பி.வி., எஃப்.ஐ.பி.வி., பி.சி.வி., ஆர்.வி.வி., எம்.ஆர்., டி.பி.டி., டி.டி. என்று அட்டை முழுவதும் எழுத்துகள். எந்த ஊசி எந்த நோய்க்கு என்பதை இவற்றிலிருந்து எவ்வாறு அறிவது? நம் மக்கள் இதற்கு நல்ல சொற்களை முன்னரே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். டி.பி.டி.யை 'முத்தடுப்பு ஊசி' என்றார்கள். அந்தச் சொல்லிலேயே மூன்று நோய்கள் அடங்கியுள்ளன. இளம்பிள்ளை வாதத்துக்கு வாயில் விடுவதைச் 'சொட்டு மருந்து' என்றார்கள். அட்டை இச்சொற்களைக் கைவிட்டு எழுத்துகளுக்குத் தாவியது ஏனோ தெரியவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போடவேண்டியது 'டி.டி.' ஊசி. ஆங்கிலத்தில் இதன் முதல் எழுத்தைப் பெரிதாகவும் இரண்டாம் எழுத்தைச் சிறிதாகவும் எழுதுவார்கள். முதல் எழுத்து இரண ஜன்னியைக் குறிக்கும். சிறிய எழுத்து தொண்டை அடைப்பானைக் குறிக்கும். அது சிறியதாக இருப்பதற்குக் காரணம், குழந்தைகளுக்குத் தருவதைவிட இதில் தொண்டை அடைப்பான் மருந்தின் அளவு குறைவு என்பதே. வளர்ந்தவர்களுக்குப் பெரிய அளவு தந்தால் கையில் வீக்கமும் வலியும் மிகும். தமிழ் எழுத்தில் பெரியதும் சிறியதும் கிடையாது. ஆகவே அந்தக் குறிப்பு தமிழுக்கு வரும்போதே மறைந்துவிடுகிறது. பழைய டி.டி. ஊசி இரண ஜன்னிக்கு மட்டும் உரியது. புதியதையும் அதே பெயரால் எழுதினால், தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்தே போடுகிறோம் என்று பெற்றோர் எவ்வாறு அறிவர்?

ஏன் அந்த நாள்?

அட்டையின் இரண்டாவது குறை, நாளைச் சொல்லிக் காரணத்தை விடுவது. காரணங்களோ மிகச் சுவையானவை.

மஞ்சள் காமாலை 'பி' ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடவேண்டும் என்கிறது அட்டை. இந்த அவசரம் எதற்கு? தாயின் குருதியில் அக்கிருமி இருந்தால் பிரசவத்தின்போதே அது குழந்தைக்குச் செல்லும். வளர்ந்தவர் ஒருவரைத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே அது நிலைத்துத் தங்கும். பிறந்த குழந்தையைத் தொற்றினால் நூற்றுக்கு ஏறக்குறைய தொண்ணூறு பேரிடம் ஆயுள் முழுதும் தங்கிவிடும். கிருமி ஓட்டத்தைத் தொடங்கிவிட்டது. ஊசி அதை முந்தவேண்டும். அதனால்தான் மணிக்கணக்கு.

தட்டம்மை ஊசிக்கு ஒன்பது மாதம் காத்திருப்பது ஏன்? தாயின் குருதியிலுள்ள எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு வந்து, முதல் சில மாதங்கள் அதைக் காக்கின்றன. இந்தத் தாய்ச் சொத்து நிலையானதன்று. கதிரியக்கப் பொருளைப் போலக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. கணக்கின் எளிமைக்காக அந்த அரை ஆயுட்காலத்தை ஒரு மாதம் எனக் கொள்வோம். ஆறு மாதத்தில் 64-இல் ஒரு பங்கும், ஒன்பது மாதத்தில் 512-இல் ஒரு பங்கும் எஞ்சும்.

தட்டம்மை ஊசியில் இருப்பது வலிமை குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குழந்தையின் உடலில் சிறிது பெருகினால்தான் உடல் பாடம் கற்கும். தாயின் எதிர்ப்பொருள் மிகுந்திருக்கும்போது ஊசி போட்டால், பாடம் தொடங்குமுன்பே ஆசிரியரை வெளியேற்றிய கதையாகும். மிகவும் தாமதித்தாலோ, தாய்ச் சொத்து தீர்ந்த குழந்தையை உண்மையான தட்டம்மை முந்திவிடும். ஒரு வளைகோடு இறங்குகிறது, மற்றொன்று ஏறுகிறது. இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுத்த இடமே ஒன்பது மாதம். தட்டம்மை அரிதாகிவிட்ட அமெரிக்காவில் முதல் தவணையை 12 முதல் 15 மாதத்தில் போடுகிறார்கள். இயற்கையின் விதி அங்கும் இங்கும் ஒன்றே. நோய் வரக்கூடிய வாய்ப்புதான் வேறு.

கக்குவான் இருமலின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. அது கொல்வது பெரும்பாலும் முதல் சில மாதக் குழந்தைகளையே. ஆகவே காத்திருக்க நேரமில்லை. ஆறாம் வாரத்திலேயே தொடங்குகிறோம். ஒரே தவணையில் போதிய பயன் கிட்டாததால் நான்கு வார இடைவெளியில் 10, 14 வாரங்களிலும் தொடர்கிறோம்.

'இரண்டு' என்ற எண்ணுக்கு எத்தனை பொருள்?

இப்பொழுது பாட்டியின் கேள்விக்கு வருவோம். அட்டையில் 1, 2, 3 என்ற எண்களும் 'ஊக்கத் தவணை' என்ற சொல்லும் வருகின்றன. இந்த மறுதவணைகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது தவறு. மூன்று வெவ்வேறு வேலைகள் இங்கே உள்ளன.

6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய்க்கான பென்டாவேலண்ட் ஊசியின் மூன்று தவணைகளும் சேர்ந்தே ஒரு பாடம். முதல் தவணை மட்டும் பெற்ற குழந்தை, முதல் அத்தியாயத்தோடு நூலை மூடிவிட்ட மாணவன்.

ஒன்றரை வயதிலும், ஐந்து ஆறு வயதிலும் போடும் முத்தடுப்பு ஊக்கத் தவணைகளும், 10, 16 வயதில் போடும் டி.டி.யும் வேறு வகை. கற்ற பாடம் காலப்போக்கில் மங்குகிறது, அதை நினைவூட்டுகிறோம்.

எம்.ஆர். ஊசியின் இரண்டாம் தவணை மூன்றாம் வகை. ஒன்பது மாதத்தில் தட்டம்மை ஊசி பெறும் நூறு குழந்தைகளில் சுமார் எண்பத்தைந்து பேருக்கு அது பலிக்கிறது. பதினைந்து பேருக்குப் பலிப்பதில்லை. தாயின் எதிர்ப்பொருள் சிலரிடம் இன்னும் மிச்சமிருப்பது இதற்கு ஒரு காரணம். அந்தப் பதினைந்து பேர் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. எனவே எல்லோருக்கும் மறுபடி போடுகிறோம். பலித்தவருக்கு அதனால் தீங்கில்லை. பலிக்காதவருக்கு அதுவே மறுவாய்ப்பு. இரண்டு தவணைக்குப்பின் நூற்றுக்கு 97 பேர் காக்கப்படுகிறார்கள்.

"ஒம்போது மாசத்துல போட்ட ஊசி பலிக்கலையா?" என்று பாட்டி கேட்டாரே! அவர் அறியாமலே மிகச் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். 'சிலருக்குப் பலித்திராது, யாருக்கு என்று தெரியாது, அதனால்தான் மறுபடியும்' என்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு அட்டையில் இடமில்லையா?

அணு உலையும் தட்டம்மையும்

இந்த விடுபட்ட வரியின் விலை என்ன என்பதை என் பாடத்தைக் கொண்டு காட்டுகிறேன்.

கல்பாக்கம் அணு உலையில் யுரேனியக் கரு ஒன்று பிளவுபடும்போது இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளிவருகின்றன. அவற்றுள் சராசரியாக ஒன்றுக்கு மேல் அடுத்த பிளவை உண்டாக்கினால் வினை பெருகும். ஒன்றுக்குக் குறைந்தால் அணைந்துவிடும். கட்டுப்படுத்தும் தண்டுகள் நியூட்ரான்களை விழுங்கி அந்த எண்ணைச் சரிசெய்கின்றன. தொற்றுநோயும் இத்தகைய சங்கிலி வினைதான். எதிர்ப்பாற்றல் பெற்ற குழந்தை ஒவ்வொன்றும் ஒரு கட்டுப்படுத்தும் தண்டு.

எவருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைத் தருவார் என்பது நூல்களில் வழக்கமாகக் காணும் மதிப்பு. நடுவில் 15 எனக் கொள்வோம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளும் ஒரே ஒரு தவணை பெற்றதாகக் கொள்வோம். நூற்றுக்கு 15 பேர் காப்பற்றவர்கள். 15-ஐ 0.15-ஆல் பெருக்கினால் 2.25. ஒன்றுக்கு மேல், நோய் பெருகும். ஒருவரும் விட்டுப்போகாமல் ஊசி போட்டும் பெருகும்!

எல்லோரும் இரண்டு தவணை பெற்றால் காப்பற்றவர் நூற்றுக்கு மூவர். 15-ஐ 0.03-ஆல் பெருக்கினால் 0.45. நோய் அணைந்துவிடும்.

இப்போது நூற்றுக்கு ஐந்து பேர் மட்டும் ஊசியே போடாமல் ஒதுங்கினால்? அவர்கள் ஐவர்; மற்ற 95 பேரில் பலிக்காதவர் ஏறக்குறைய மூவர்; ஆக எட்டுப் பேர். 15-ஐ 0.08-ஆல் பெருக்கினால் 1.2. அணையவிருந்த நெருப்பு மீண்டும் பற்றிக்கொள்கிறது.

இது கரும்பலகைக் கணக்குத்தான். உண்மையான ஊரில் மக்கள் சீராகக் கலந்திருப்பதில்லை. தயங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே தெருவில், ஒரே பள்ளியில் சேர்ந்தே இருப்பதால் நிலைமை இன்னும் மோசமாகவே இருக்கும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் எம்.ஆர். ஊசி போடும் இயக்கம் நடந்தது. அப்போது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்ததையும் பெற்றோர் பலர் தயங்கியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முன்னரே ஊசி போட்ட பிள்ளைக்கு மறுபடி எதற்கு என்பது அன்றும் எழுந்த கேள்விகளில் ஒன்று. காரணம் சொல்லப்படாத இடம் வெற்றிடம் போன்றது. கிடைத்தது எதுவோ அது உள்ளே புகுந்துகொள்ளும்.

இந்த உவமை எல்லா ஊசிக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். இரண ஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்கிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஊசி போட்டிருப்பதால் உங்கள் பிள்ளைக்கு அதில் ஒரு பயனும் இல்லை. இதற்கு மாறானது ரூபெல்லா. பிள்ளைகளுக்கு அது எளிய காய்ச்சல். ஆனால் கருவுற்ற தாயைத் தொற்றினால் சிசுவின் கண், காது, இதயத்தைக் கெடுக்கும். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இல் இதை வெளிப்படுத்தினார். நாம் ஆண் பிள்ளைகளுக்கும் அந்த ஊசியைப் போடுவது, இன்னும் கருவுறாத ஒரு சிசுவின் கண்ணைக் காப்பதற்கும் சேர்த்துத்தான். இவ்வளவு பெரிய செய்தி அட்டையில் 'ஆர்' என்ற ஓர் எழுத்துக்குள் முடங்கிக் கிடக்கிறது.

மறக்கப்படும் கடைசி வரிகள்

அட்டையின் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளுக்கே. ஐந்து, பத்து, பதினாறு வயது வரிகள் அடியில் ஒதுங்கிக் கிடக்கின்றன. பிள்ளை பள்ளிக்குப் போனதும் அட்டை உறைக்குள் போய்விடுகிறது. முதலாண்டு வகுப்பில் ஒருநாள், "16 வயதுத் தவணை போட்டுக்கொண்டவர் கை தூக்குங்கள்" என்றேன். மிகச் சில கைகளே எழுந்தன. அப்படி ஒரு தவணை உண்டு என்பதே பலருக்குப் புதிய செய்தி.

இது வெறும் ஏட்டுக்குறை அன்று. 2016-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் பரவியபோது நோயுற்றோரில் பலர் கைக்குழந்தைகள் அல்லர். ஊசியே போடாத அல்லது தவணைகளை முடிக்காத பள்ளிப் பருவத்தினரும் இளைஞர்களும் ஆவர். மறந்துபோன பாடத்தை நோய் நினைவூட்டியது.

பெண் பிள்ளைகளுக்கு இப்பருவத்தில் மற்றொன்றும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான ஊசியை 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்கு உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்தியாவில் உருவான அத்தகைய ஊசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. வைரஸைச் சந்திக்கும் முன்பே போடுவதுதான் பயன் தரும். 'இவ்வளவு சின்னப் பெண்ணுக்கா?' என்று கேட்கும் தாய்க்கு இந்த ஒரு வரியே விடை.

குறைகளையும் சொல்லலாம்

அச்சத்தை உண்டாக்கலாகாது என்ற எண்ணத்தால், ஊசிகளின் எல்லைகளைப் பற்றி நாம் மௌனமாக இருந்துவிடுகிறோம். அது தேவையில்லை என்பது என் கருத்து. நம் செங்கற்பட்டிலேயே சான்று உண்டு. 1968-இல் தொடங்கி, இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டு பி.சி.ஜி. ஊசி அங்கே சோதிக்கப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. உலகமே எதிர்பார்க்காத அந்த முடிவை அறிஞர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள். ஆயினும் பிறந்த குழந்தைக்கு அதை இன்றும் போடுகிறோம். காரணம், சிறு குழந்தைகளைக் கொல்லும் மூளை உறைக் காசநோயையும் உடலெங்கும் பரவும் காசநோயையும் அது தடுக்கிறது. 'இதற்குப் பயன்படும், அதற்குப் பயன்படாது' என்று சொல்வதால் நம்பிக்கை குறையுமா, கூடுமா? அறிவியல் மாணவர்களே, நீங்களே சொல்லுங்கள்.

பென்டாவேலண்ட் போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வரக்கூடும், பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரங்கள் கழித்துச் சிறு புண்ணாகித் தழும்பாகும். இவற்றை முன்கூட்டிச் சொன்னால் நள்ளிரவில் தாய் அஞ்சமாட்டாள். தவணை தவறிவிட்டால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதையும் நான் பார்த்த அட்டைகளில் காணோம். அது தெரியாததால், 'காலம் கடந்துவிட்டது' என்று வீட்டிலேயே இருந்துவிடும் பெற்றோர் உண்டு.

என் மதிப்புரையின் முடிவு இது: அட்டவணையின் அறிவியல் சிறந்தது, அதன் எழுத்துநடை போதாது. மருந்தை மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு தவணைக்கும் எதிரே 'ஏன்' என்ற தலைப்பில் ஒரே ஒரு வரித் தமிழ் சேர்த்தால் போதும். அதை எழுதுவது மருத்துவர்களின் கடமை மட்டுமன்று. தமிழில் அறிவியல் கற்ற நம் அனைவருடைய கடமையும் ஆகும்.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். இவ்விதழை மூடியதும் அலமாரியைத் திறந்து உங்கள் அட்டையை எடுத்து, கடைசி இரு வரிகளைப் பாருங்கள். 10, 16 என்ற எண்களுக்கு எதிரே நாள் குறிக்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று கேளுங்கள். "எதற்கு?" என்று வீட்டில் எவரேனும் கேட்டால் விடை சொல்லுங்கள். இப்போது உங்களுக்குத் தெரியுமே!